வைக்கோலை மடக்கி உழுதேன், பயிர் மஞ்சளாகிறது. ஏன்?

கலப்பை:
இந்த முறை வைக்கோலை எரிக்காமல் நறுக்கி, மண்ணோடு மடக்கி உழுதேன். 10 நாளில் மக்காச்சோளம் விதைத்தேன். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சளாகி வருகின்றன. குருத்து மட்டும் பச்சை. வைக்கோல் விழாத வரப்போரத்துப் பட்டையோ கரும்பச்சை! எரித்திருந்தாலே தேவலையோ? நுண்ணுயிர் உரம் ஊற்றலாமா?

பழைய மண்வெட்டி:
தம்பி, எரிக்காதது சரிதான். விதைக்கத்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

இது தழைச்சத்துப் (நைட்ரஜன்) பஞ்சம். செடி கிழ இலையிலிருந்து சத்தை உருவிக் குருத்துக்குக் கொடுக்கிறது. (இரும்புச்சத்துக் குறை என்றால் குருத்துதான் முதலில் வெளுக்கும்.) வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 80 பங்கு கரிமம். அதைத் தின்னும் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் 24 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து இருந்தால்தான் கட்டுப்படியாகும். குறையும் தழைச்சத்துக்கு எங்கே போகும்? வேர் உறிஞ்சும் தழைச்சத்தான நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் மண்ணிலிருந்து இழுத்துக்கொள்கின்றன. அந்தப் போட்டியில் வேர் தோற்றுவிடும்.

சத்து எங்கும் ஓடிவிடவில்லை, அவற்றின் உடம்புக்குள் இருக்கிறது. அவற்றைப் புரோட்டோசோவாவும் நூற்புழுவும் மேய்ந்து, தங்களுக்கு மிஞ்சியதை அம்மோனியமாகக் கழிக்கும்போது பயிருக்குக் கிடைக்கும். ஆனால் மக்காச்சோளம் அதுவரை பொறுக்காது. யூரியாவை வரிசையோரமாக, மண்ணுக்குள் போகும்படி வையுங்கள். நுண்ணுயிர் உரமா? பசித்த கூட்டத்துக்கு இன்னும் விருந்தாளியா!

ஈரமண்:
யூரியாவுக்கு முன் ஒரு இடத்தில் தோண்டிப் பாருங்கள். எனக்கும் இதே மஞ்சள்தான் வந்தது, காரணம் வேறு. அரை அடியில் வைக்கோல் நிறம் மாறாமல் பாய்போலப் படிந்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. தண்ணீர் தேங்கிக் காற்றே இல்லை. அந்த மாதிரி இடத்தில் நைட்ரேட் வாயுவாகிப் பறந்துவிடும். முதலில் நீரை வடிக்க வேண்டும், அப்புறம்தான் உரம்.

கலப்பை:
தோண்டினேன். நாற்றம் இல்லை, மழை பெய்தால் வருமே அந்த மண்வாசனைதான். வைக்கோல் பழுப்பாகி, விரலில் தேய்த்தால் நைகிறது. வெள்ளை நூல்போலப் பூஞ்சை ஓடியிருக்கிறது. இரண்டு மண்புழுவும் இருந்தன.

பழைய மண்வெட்டி:
அப்படியானால் உள்ளே வேலை நடக்கிறது. யூரியா வைக்கலாம். அடுத்த முறை உழுதபின் ஐந்தாறு வாரம் ஈரம் காயாமல் விட்டு விதையுங்கள். வரப்போரத்துப் பட்டையை இப்போதைக்குத் தொடாதீர்கள், அதற்குப் பசி இல்லை.