மறு: சோதனை எலியா, ஆய்வெலியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆய்வகத்தில் வளர்க்கும் எலிக்கு (‘லேப் ரேட்’) ‘ஆய்வெலி’ என்ற கலைச்சொல்லை முன்மொழிந்ததற்கு வந்த மடல்களுக்கு என் பதில் இது.

> ‘லேப் ரேட்’டுக்குச் ‘சோதனை எலி’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. நாளிதழ்களிலும் வருகிறது. இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எதற்கு?

வழக்கில் இருப்பது உண்மைதான். எந்தப் பொருளில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். புதுப் பாடத்திட்டம் வந்தால் மாணவர்கள் சோதனை எலிகள். புது மருந்து வந்தால் ஏழைகள் சோதனை எலிகள். ‘எங்களைச் சோதனை எலிகளாக்காதே’ என்று தட்டி பிடிக்கிறார்கள். அங்கே எலி என்பது எலியே அல்ல, கேட்பாரற்ற மனிதர். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் நிற்பது கினிப்பன்றி. அந்த விலங்கை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை என்பதால் தமிழில் எலி வந்து உட்கார்ந்துகொண்டது. போதாததற்கு, ‘சோதனை’ என்ற சொல்லிலேயே துன்பம் கலந்திருக்கிறது. கடவுள் சோதிக்கிறார் என்கிறோம், ‘இது என்னடா சோதனை’ என்று தலையில் கைவைக்கிறோம். ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ‘எட்டு வார வயதுள்ள ஆண் சோதனை எலிகள்’ என்று எழுதினால் வாசிப்பவர் அங்கேயே எலியின் கட்சிக்குப் போய்விடுவார். போவதில் தப்பில்லை. ஆனால் செய்முறைப் பகுதியின் வேலை அதுவல்ல.

இத்தனைக்கும் பழைய தமிழில் எலி பாவப்பட்ட பிராணி அல்ல. புறநானூற்றின் 190ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன், நெற்கதிரைக் கொண்டுபோய் வளைக்குள் குவித்துவைக்கும் எலியைக் காட்டி, அப்படிப்பட்ட கருமிகளின் நட்பே வேண்டாம் என்கிறான். குறளில் (763) எலிகள் கடல்போலத் திரண்டு ஒலிக்கின்றன, நாகம் ஒரு மூச்சு விட்டதும் தீர்ந்தது. ஒன்று பதுக்கல்காரன், மற்றது வெற்றுக் கூச்சல். பழமொழிகளில் பூனையிடம் மாட்டிக்கொண்டு அழும் எலி உண்டுதான், ஆனால் கூண்டில் அடைபட்டு ஊசி வாங்கும் எலி அங்கே கிடையாது. அது ஆய்வகத்திலிருந்து மொழிக்குள் வந்த புதுப் படிமம். நல்ல படிமம். கவிஞர்களும் கட்டுரையாளர்களும் வைத்துக்கொள்ளட்டும். அதே சொல்லை உயிரியல் கலைச்சொல்லாகவும் ஆக்கினால் இரண்டு இடத்திலும் குழப்பம்தான்.

> வெறும் ‘எலி’ போதாதா? ஆய்வகத்தில் இருக்கிறது என்பது இடத்தை வைத்தே தெரியுமே.

போதாது. ‘எலிகளிடம் வெற்றி’ என்று தமிழில் வரும் அறிவியல் செய்திகளில் பலவற்றைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது சுண்டெலி (‘மவுஸ்’). இரண்டும் ஒரே விலங்கின் பெரிய, சிறிய அளவுகள் அல்ல. வளர்ந்த ஆண் ஆய்வக எலி 300 கிராமைத் தாண்டிவிடும், சுண்டெலி ஏறக்குறைய 30 கிராமில் நிற்கும். எலிக்கு 42 குரோமோசோம்கள், சுண்டெலிக்கு 40. எலிக்குப் பித்தப்பை கிடையாது, சுண்டெலிக்கு உண்டு. சுண்டெலியில் நடந்த பித்தக்கல் ஆய்வை மொழிபெயர்த்து ‘எலியின் பித்தப்பையில் கல் உருவானது’ என்று எழுதிவிட்டால் விலங்கியல் மாணவர் சிரிப்பார்.

பயன்படும் துறையும் வேறு. மூளையின் இட உணர்வு பற்றி ஜான் ஓகீஃப் 1971இல் வெளியிட்டது எலிகளில் செய்த வேலை. அதற்கு 2014இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குறிப்பிட்ட மரபணுவை முடக்கும் உத்தி 1980களின் இறுதியில் சுண்டெலியில்தான் கைகூடியது. அதற்கான நோபல் 2007இல். அந்த வேலைக்குத் தேவையான முளையக் குருத்தணுக்கள் (‘எம்ப்ரியானிக் ஸ்டெம் செல்’) சுண்டெலியிலிருந்து 1981இலேயே கிடைத்துவிட்டன. எலியிலிருந்து எடுக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மரபணு ஆய்வுகளில் சுண்டெலி எலியை முந்தியதற்கு இது ஒரு பெரிய காரணம். இந்த வரலாற்றைத் தமிழில் எழுத வேண்டுமானால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இல்லாமல் ஒரு பத்தி நகராது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் வீட்டுப் பரணில் ஓடும் எலி பெரும்பாலும் ராட்டஸ் ராட்டஸ். ஆய்வக எலியோ ராட்டஸ் நார்வெஜிகஸ் என்ற வேறு இனம், பழுப்பெலி. நார்வேக்கும் அதற்கும் பிறப்புத் தொடர்பு கிடையாது, ஆசியாவிலிருந்து பரவியது. ஆகவே ‘நார்வே எலி’ என்று பெயர்க்க வேண்டாம். ‘பழுப்பெலி’ காட்டு வடிவத்துக்குச் சரி. 1906 வாக்கில் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் உருவாக்கிய எலி தூய வெள்ளை. அதைப் பழுப்பெலி என்று எழுதினால் யார் நம்புவார்? ‘வெள்ளெலி’ என்றும் சொல்ல முடியாது. உழவர்களுக்கு அது வயலில் வளை தோண்டும் வேறொரு விலங்கு.

> எலி / சுண்டெலி என்பதைவிடப் ‘பேரெலி’ / ‘சிற்றெலி’ என்றால் இணையாக இருக்குமே?

காதுக்கு அழகாக இருக்கிறது, ஐயா. ஆனால் ‘பேரெலி’ என்றதும் எனக்குப் பெருச்சாளிதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் ஒரு தனி விலங்கு. அரசியல் மேடையில் ‘ஊழல் பெருச்சாளி’ ஆகிவிட்ட விலங்கும்கூட. (நல்லுருத்திரனின் பதுக்கல் எலிக்கு நேரடி வாரிசு என்று அதைச் சொல்லலாம்.) ‘சிற்றெலி’ தேவையே இல்லை. சுண்டெலி எல்லாருக்கும் தெரிந்த சொல். கணினி மவுஸைக் குறிக்கக் கணினிக்காரர்கள் ‘சுட்டி’க்கு மாறிவிட்டதால் இப்போது அதற்குப் போட்டியும் இல்லை.

எனவே என் முன்மொழிவு ஆய்வெலி, ஆய்வுச் சுண்டெலி. ஆய்வு + எலி, ஈற்று உகரம் கெட்டு இயல்பாகப் புணர்கிறது, சொல்லவும் எளிது. கட்டுரையில் முதல் இடத்தில் முழுப் பெயரும், அப்புறம் வெறும் எலி, சுண்டெலி என்றும் எழுதினால் போதும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும், கொறித்துத் தின்னும் விலங்குகளின் பொதுப்பெயரான ‘கொறிணிகள்’.

> ‘ஆய்வெலி’ என்று சுத்தமாகச் சொல்வது, அந்த உயிர்களுக்கு நடப்பதைப் பூசி மெழுகுவதாகும்.

இந்த மடலைத்தான் நெடுநேரம் யோசித்தேன், அம்மா. நியாயமான அச்சம். ஆனால் மெழுகுவது பெயரில் நடப்பதைவிட வினையில்தான் அதிகம் நடக்கிறது. ஆங்கிலக் கட்டுரைகளில் ஆய்வு முடிந்ததும் விலங்குகள் ‘பலியிடப்பட்டன’ என்று ஒரு வழக்கம். அதை அப்படியே தமிழில் பெயர்த்தால் ஆய்வகம் கோயில் திடலாகிவிடும். ‘அகற்றப்பட்டன’ என்று எழுதுவோரும் உண்டு, அது இன்னும் மோசம். ‘கொல்லப்பட்டன’ என்று எழுதுவோம், எந்த முறையில் என்றும் எழுதுவோம். விலங்கு ஆய்வின் அறம் பற்றி எழுதிய ரஸலும் பர்ச்சும் 1959இல் வலியுறுத்திய மூன்றும் (விலங்குக்கு மாற்றுத் தேடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைத் தணிப்பது) தமிழ்க் கட்டுரைகளில் தனித் தலைப்பாக வரட்டும். ஆய்வெலி என்ற பெயர் இதில் எதையும் தடுக்காது. பெயரிலேயே இரக்கத்தை வைத்துவிட்டால், மற்ற வரிகளில் அது இல்லாமல் போனாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதுதான் என் கவலை.

ஒரே இனத்துக்குள் தனியாக வளர்த்தெடுக்கும் வகையான ‘ஸ்ட்ரெய்ன்’ பற்றிச் சுருக்கமாக. ‘திரிபு’ வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே வைரஸ்தான் நினைவுக்கு வருகிறது. ‘இனம்’ வேண்டாம், அது ‘ஸ்பீஷீஸ்’. வம்சாவளியைக் குறிக்கும் ‘கால்வழி’ பொருந்தும் என்று நினைக்கிறேன். உடன்பிறப்புகளையே இருபது தலைமுறைக்குக் குறையாமல் இணைத்து உருவாக்குவது அகக்கலப்புக் கால்வழி. 1921இல் தொடங்கிய சி57பிஎல்/6 சுண்டெலி அந்த வகை. நெருங்கிய உறவைத் தவிர்த்து இணைக்கும் விஸ்டார் எலி புறக்கலப்பு.

கடைசியாக ‘நாக்கவுட்’, அதாவது குறிப்பிட்ட மரபணு வேலை செய்யாதபடி ஆக்கிய விலங்கு. ‘மரபணு முடக்கிய சுண்டெலி’ என்றால் கால் முடங்கிய சுண்டெலியா என்று கேட்பார்கள். ‘மரபணு நீக்கிய’ என்றால் தெளிவாக இருக்கிறது, ஆனால் எல்லா முறைகளிலும் மரபணுவை முழுதாக நீக்குவதில்லை. ஆய்வகத்தில் வேலை செய்யும் நண்பர்கள் தமிழில் பேசிக்கொள்ளும்போது என்ன சொல்கிறீர்கள்? ‘நாக்கவுட் பண்ணின எலி’ என்பதாக இருந்தாலும் எழுதுங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.