டிகியூபஃப் அழைப்பில் நிரல் நின்றுவிடுகிறது, உதவி

பைட்ஓட்டம்:
லினக்ஸில் யூஎஸ்பி கேமராவிலிருந்து சி நிரல் மூலம் படம் எடுக்கிறேன். கொஞ்ச நேரம் ஓடி, டிகியூபஃப்பில் (படம் நிரம்பிய பஃபரை, அதாவது நினைவகத் துண்டை, டிரைவரிடமிருந்து எடுக்கும் அழைப்பு) அப்படியே நிற்கிறது. எரர் எதுவும் இல்லை. நிற்கும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. அவசரம்.

கர்னல்வாசி:
எந்த ஃபார்மட்? எத்தனை பஃபர்? பஃபர் நினைவகம் டிரைவர் தருவதா (எம்மேப்), நீங்கள் தருவதா (யூசர் பாயின்டர்)? லூப்பைப் போடாமல் எப்படிச் சொல்வது?

வயர்மேன்:
கேபிள்தான். ஹப் இருந்தால் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

பைட்ஓட்டம்:
எம்ஜேபெக் (ஒவ்வொரு படமும் தனி ஜேபெக்), 1280×720, 4 பஃபர், எம்மேப். ஹப் உண்டு. லூப்: டிகியூபஃப், பைட்ஸ்யூஸ்ட் (படத்தின் பைட் அளவு) 2000க்குக் கீழே என்றால் உடைந்த படம் என்று கன்டினியூ (மீதியை விட்டுவிட்டு லூப்பின் தொடக்கத்துக்கு), கோப்பில் எழுது, கியூபஃப் (பஃபரை டிரைவரிடம் திருப்பிக் கொடு).

பழையகை:
தம்பி, ஓப்பன்சிவி நூலகத்தில் மூன்று வரி வேலை இது. ஆவணத்தைப் படித்துவிட்டு ஐஆக்டில் (டிரைவரை நேரடியாக அழைப்பது) பக்கம் வரலாமே.

கர்னல்வாசி:
ஓப்பன்சிவியும் லினக்ஸில் உள்ளே இதே ஐஆக்டில்களைத்தான் அழைக்கிறது, ஐயா. தெரிந்துகொள்வதில் என்ன தவறு?

நினைவகம்:
பஃபரை 16 ஆக்குங்கள், சரியாகிவிடும்.

நுண்நோக்கி:
ஆகாது, நிற்பது தள்ளிப்போகும், அவ்வளவுதான். கோளாறு அந்தக் கன்டினியூவில். எடுத்த பஃபரைக் கியூபஃப் செய்தால்தான் டிரைவருக்குத் திரும்பும். உடைந்த படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பஃபர் உங்களிடமே தங்கிவிடுகிறது. நான்காவதோடு டிரைவரிடம் நிரப்பப் பஃபரே இல்லை; டிகியூபஃப் காத்துக்கொண்டே இருக்கும். எரர் வராததற்குக் காரணம் இதுதான்.
உறுதிசெய்ய, லூப்பின் தொடக்கத்தில் இன்டெக்ஸ் 0 முதல் 3 வரை குவெரிபஃப் (பஃபரின் நிலையைக் கேட்கும் அழைப்பு) போட்டு ஃப்ளாக்ஸை அச்சிடுங்கள். கியூட் (டிரைவரின் வரிசையில் இருக்கிறது), டன் (நிரம்பி எடுக்கக் காத்திருக்கிறது) இரண்டு பிட்டும் இல்லாத பஃபர்கள் ஒவ்வொன்றாகக் கூடும். கன்டினியூவுக்கு முன்னாலும் கியூபஃப் போடுங்கள். டிகியூபஃப்புக்கு முன் 2 நொடி டைம்அவுட்டோடு 'போல்' (poll, படம் தயாரா என்று காத்துப் பார்க்கும் அழைப்பு) வைத்தால் இப்படிச் சத்தமில்லாமல் நிற்காது.

வயர்மேன்:
சரி, படம் ஏன் உடைகிறது? ஹப்தானே?

நுண்நோக்கி:
இருக்கலாம். நல்ல கேபிளிலும் ஸ்ட்ரீம்ஆன் (படம் வரத் தொடங்கவைக்கும் அழைப்பு) ஆனதும் முதல் ஓரிரு படம் உடையலாம். நிரல் அதைத் தாங்க வேண்டும்.

பழையகை:
2000 என்ற வரம்பே தப்பு. இருட்டில் எம்ஜேபெக் சுருங்கும், நல்ல படமும் போய்விடும். எரர் ஃப்ளாக்கைப் பார்; முதல் இரண்டு பைட் 255, 216 தானா என்று பார்; கடைசி இரண்டு 255, 217 (ஜேபெக்கின் தொடக்க, முடிவுக் குறிகள்).

கர்னல்வாசி:
கடைசி இரண்டை நம்பாதீர்கள். சில கேமராக்கள் படத்துக்குப் பின்னால் பூஜ்யங்களை நிரப்பி அனுப்புகின்றன. பின்னாலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும்.

பழையகை:
ஒழுங்கான கேமரா அப்படிச் செய்யாது.

கர்னல்வாசி:
ஒழுங்கான கேமராவுக்கு மட்டுமா நிரல் எழுதுகிறோம்?

பைட்ஓட்டம்:
கன்டினியூதான். கியூபஃப் சேர்த்தேன், இப்போது நிற்கவில்லை. நன்றி.