கண்மாய் வரைபடப் பணிக்குக் கட்டற்ற மென்பொருள் போதுமா, உரிமம் வாங்க வேண்டுமா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் உள்ள கண்மாய்களை வரைபடமாக்கும் சிறு குழுவில் இருக்கிறேன். கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால்வாய் ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வரைந்து, பிறகு நேரில் சென்று சரிபார்க்கிறோம். எங்களிடம் இரண்டு மடிக்கணினிகள் உள்ளன; அவற்றுள் ஒன்று லினக்ஸில் இயங்குகிறது. இதுவரை கியூஜிஐஎஸ் என்ற கட்டற்ற வரைபட மென்பொருள் கொண்டே வேலை நடந்தது. இப்போது நன்கொடையாளர் ஒருவர் ஆர்க்ஜிஐஎஸ் புரோ என்ற கட்டண வரைபட மென்பொருளுக்கு ஓராண்டு உரிமம் வாங்கித் தர முன்வந்திருக்கிறார்.

எங்கள் தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஒரே கண்மாயின் நீர்ப்பரப்பை நான் கியூஜிஐஎஸ்ஸில் கணக்கிட்டபோது 40.1 ஹெக்டேர் வந்தது. சோதனைக்கால உரிமத்தில் ஆர்க்ஜிஐஎஸ் புரோவைப் பயன்படுத்திப் பார்த்த எங்கள் தோழருக்கோ 41.6 ஹெக்டேர் வந்தது. எல்லைக்கோடு ஒன்றுதான். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளின் கணக்கு துல்லியமற்றது என்று குழுவில் சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். அது சரியா? பணம் கொடுத்து வாங்குவதுதான் முறையா?

மறுமொழி 1: அளவுச்சங்கிலி

பரப்பளவை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனெனில் அதில் மென்பொருளின் பிழை எதுவும் இல்லை. உங்கள் தோழர் பின்னணி வரைபடத்தைத் திறந்து, அதன்மேல் புதிய அடுக்கு ஒன்றை உருவாக்கி, அட்டவணையில் தானாகவே தோன்றும் ‘ஷேப்_ஏரியா’ மதிப்பை எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். இணையப் பின்னணி வரைபடங்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டர் என்ற வீழலில் (உருண்டையான பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் முறை; குறியெண் 3857) இருக்கும். புதிய அடுக்கும் அதையே ஏற்றுக்கொண்டிருக்கும். அந்த வீழல் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பை ஊதிக் காட்டும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தெரிவது அதனால்தான். மதுரை இருக்கும் 10 டிகிரி அகலாங்கில் அந்த ஊதல் ஏறத்தாழ 3.7 விழுக்காடு. 40.1ஐ அந்த விகிதத்தில் பெருக்கிப் பாருங்கள், 41.6 வந்து நிற்கும்.

நீங்களோ ‘$area’ என்ற மாறியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அது திட்டத்தில் குறித்துள்ள நீள்வட்டகத்தின்மேல், அதாவது பூமியின் வளைந்த வடிவத்தின்மேல், கணக்கிடுகிறது. அதே கியூஜிஐஎஸ்ஸில், 3857இல் உள்ள அடுக்கில், தட்டையான வரைபடத்தின்மேல் கணக்கிடும் ‘area($geometry)’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கும் 41.6தான் வந்திருக்கும். உங்கள் தோழர் ஆர்க்ஜிஐஎஸ்ஸில் வடிவக் கணக்கீட்டுக்குள் போய் ‘ஜியோடெசிக்’ (வளைந்த வடிவத்தின்மேல் கணக்கிடும்) பரப்பைத் தேர்ந்தெடுத்தால் அவருக்கும் 40.1 கிடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூமியை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து வரையும் யூடிஎம் வீழலின் மண்டலங்கள் 43க்கும் 44க்கும் எல்லையான 78 டிகிரி நெட்டாங்கு உங்கள் மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கிறது: உசிலம்பட்டி 43இல், மதுரை நகரம் 44இல். மண்டலத்தின் விளிம்பில், தட்டையாகக் கணக்கிடும் தளப்பரப்பு சற்றே கூடுதலாக வரும். 100 ஹெக்டேர் கண்மாய்க்கு ஏறக்குறைய 46 சென்ட். நீர்க்கொள்ளளவை மதிப்பிடுவதற்கு இது பொருட்டல்ல. ஆனால் ஆக்கிரமிப்பு வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் கிடைத்தால் 46 சென்ட் சிறிய எண் அல்ல.

மறுமொழி 2: குழாய்வழி

நான் பத்தாண்டுகளாகக் குடிநீர்க் குழாய் வலையமைப்புகளின் வரைபடப் பணியில் இருக்கிறேன், பிழைப்பு ஆர்க்ஜிஐஎஸ்ஸில்தான். ஆகவே அதன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வால்வை மூடினால் எந்தெந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் நிற்கும் என்பதைத் தடம்பிடித்துச் சொல்லும் ‘யூட்டிலிட்டி நெட்வொர்க்’, பலர் ஒரே தரவுத்தளத்தில் தனித்தனிப் பதிப்புகளாகத் திருத்திப் பின் ஒன்றுசேர்க்கும் வசதி, களத்தில் கைப்பேசியில் பதிந்தது அலுவலகத் திரையில் உடனே தெரிவது ஆகியவை அங்கே ஒரே கூரையின்கீழ், ஒன்றோடொன்று பொருந்துமாறு கிடைக்கின்றன. சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஆளும் உண்டு. இவற்றைக் கட்டற்ற கருவிகளாலும் செய்யலாம். ஆனால் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற கட்டற்ற தரவுத்தளத்தை நிறுவி, காப்புப்பிரதி எடுத்து, பராமரிக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தாக வேண்டும். அவர் விடுப்பில் போனால் என்ன ஆகும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

இருப்பினும், கண்மாய் வரைவதற்கு இதை வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆர்க்ஜிஐஎஸ் புரோ விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பதால் உங்கள் இரண்டாவது மடிக்கணினி அப்போதே வெளியே நிற்கும். ஒரு கண்மாயின் நீர்ப்பிடிப்புப் பகுதியை உயரத்தரவிலிருந்து வகுப்பதற்கு அடிப்படை உரிமம் போதாது. ‘ஸ்பேஷியல் அனலிஸ்ட்’ என்ற நீட்சியும் தேவைப்படும். கியூஜிஐஎஸ்ஸிலோ கிராஸ் என்ற கட்டற்ற தொகுப்பின் ‘r.watershed’ கருவி செயலாக்கப் பெட்டியிலேயே இருக்கிறது. கிராஸ் 1980களில் அமெரிக்கத் தரைப்படையின் பொறியியல் ஆய்வகம் ஒன்றில் உருவானது. முகப்பில் அந்த வயது தெரியும், கணக்கில் தெரியாது.

நன்கொடையாளரிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டாம் ஆண்டு உரிமத்துக்கு யார் பணம் தருவார்? உரிமம் முடிந்த மறுநாளும் தரவு உங்களுடையதுதான். ஆனால் நீங்கள் அமைத்த நிறங்கள், குறியீடுகள், அச்சுப்பக்கங்கள் எல்லாம் அந்த மென்பொருளின் திட்டக்கோப்புக்குள் இருக்கும், அதைக் கியூஜிஐஎஸ் நேரடியாகத் திறக்காது.

மறுமொழி 3: தமிழ்ப்பெயர்

நீங்கள் எந்த மென்பொருளுக்குப் போனாலும், தரவை ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவில் வைக்காதீர்கள். அதில் புலத்தின் (அட்டவணைத் தலைப்பின்) பெயர் பத்து பைட்டுக்குள் அடங்க வேண்டும். யூடிஎஃப்-8 எழுத்துக்குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு எடுக்கும்; புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். ஆகவே ‘கண்மாய்ப் பெயர்’ என்று நீங்கள் வைத்த தலைப்பு வெறும் ‘கண்’ ஆகிவிடும். பக்கத்தில் ‘கண்மாய்ப் பரப்பு’ இருந்தால் அதுவும் ‘கண்’தான். எழுத்துக்குறிமுறை எது என்று சொல்ல, கூடவே வரும் ‘.cpg’ கோப்பை மின்னஞ்சலில் இணைக்க யாராவது மறந்தால் ஊர்ப்பெயர்கள் எல்லாம் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகிவிடும். மூன்று மாதக் கள உழைப்பு அப்படித் திறந்துகொண்டதை ஒரு குழுவில் கண்டிருக்கிறேன்.

அதற்குப் பதில் ஜியோபேக்கேஜ் வடிவில் வையுங்கள். அது ஒரே கோப்பாக இருக்கும்; திறந்த தரம் என்பதால் இரண்டு மென்பொருள்களும் அதைப் படிக்கும், எழுதும். ஏதேனும் அலுவலகம் ஆர்க்ஜிஐஎஸ்ஸின் ‘ஃபைல் ஜியோடேட்டாபேஸ்’ வடிவில் கேட்டால், வரைபடக் கோப்புகளைப் படித்து எழுதும் ஜிடால் நூலகத்தின் 3.6 பதிப்பு முதல் கட்டற்ற கருவிகளாலேயே அதை எழுத முடிகிறது.

வைகைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை தோழரும் நானும் அருகருகே அமர்ந்து பார்த்தோம். அவருடைய அடுக்கு 3857இல்தான் இருந்தது. ‘ஜியோடெசிக்’ என்று மாற்றியதும் 40.1 வந்தது. பழைய ஷேப்ஃபைல்களைத் திறந்தபோது ‘மடை’ என்று மட்டும் ஒரு தலைப்பு இருந்தது. அது மடை எண்ணிக்கையா, மடையின் நிலையா என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. உரிமத்துக்கு ஒதுக்கிய தொகையில் கியூஜிஐஎஸ்ஸோடு இணைந்து இயங்கும் கைப்பேசிச் செயலியான கியூஃபீல்டை நிறுவிக் களத்துக்கு எடுத்துச்செல்ல இரண்டு கைப்பேசிகள் வாங்கித் தர முடியுமா என்று நன்கொடையாளருக்கு எழுதியிருக்கிறோம்.