டிரைஃபஸ் வழக்கும் 'லா குருவா' நாளிதழும்

கேள்வி: முதுகலை வரலாற்று மாணவி, சேலம்

வணக்கம். பிரெஞ்சுப் படையின் யூத அதிகாரி டிரைஃபஸ் மீது உளவுக் குற்றம் பொய்யாகச் சுமத்தப்பட்ட வழக்கைக் குறித்துக் கட்டுரை எழுதி வருகிறேன். பாரிசின் கத்தோலிக்க நாளிதழான 'லா குருவா' (சிலுவை) அவ்வழக்கின்போது யூத வெறுப்பைப் பரப்பியது என்று ஒரு நூலிலும், இன்று அது நிதானத்துக்குப் பெயர்பெற்ற ஏடு என்று மற்றொரு நூலிலும் படித்தேன். இரண்டும் ஒரே ஏடுதானா? நம் பக்கத்தில் திருச்சபை ஏடு என்றால் 'நம் வாழ்வு' போன்ற வார இதழ்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு துறவற சபை நாளிதழே நடத்தியது எப்படி?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏற்காடு

ஒரே ஏடுதான் அம்மா. எங்கள் மலையில் பள்ளிகளை நடத்தும் பிரெஞ்சு வழிச் சபைகளோடு இதனைச் சேர்த்துவிட வேண்டாம். இது எம்மானுவேல் தால்சோன் 1845இல் நீம் நகரில் தொடங்கிய அசம்ப்ஷன் சபையாருடையது. 1880இல் மாத இதழாகப் பிறந்து, 1883 ஜூனில் நாளிதழானது. அதனை நடத்திய வேன்சான் தெ போல் பாயி என்னும் குரு, 'துறவி' என்ற புனைபெயரில் எழுதினார். விலை ஐந்து சாந்தீம்தான். ஆலயப் பங்குதோறும் இருந்த தொண்டர்கள் அதனைப் பரப்பியதால் விற்பனை லட்சத்தைத் தாண்டியது. சிலுவையில் அறையுண்ட இயேசுவின் படத்தை முகப்பில் தாங்கிய அந்த ஏடு, பிரான்சிலேயே யூதர்களை மிகக் கடுமையாக எதிர்க்கும் கத்தோலிக்க இதழ் தானே என்று 1890இல் பெருமையோடு அறிவித்துக்கொண்டது. ஆகவே 1894இல் டிரைஃபஸ் தண்டிக்கப்பட்டபோது அது எந்தப் பக்கம் நின்றது என்பதில் வியப்பில்லை. இதனை அக்காலத்துப் பொது மனநிலை என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. அந்த மனநிலையை வளர்த்ததில் இந்த ஏட்டுக்கே பெரும் பங்குண்டு.

பதில்: வாசகர், அஸ்தம்பட்டி

ஐயா சொன்னதன் தொடர்ச்சி இது. 1900 ஜனவரியில் நீதிமன்றம் சபைத் துறவியர் பன்னிருவருக்குத் தலா 16 பிராங்க் அபராதம் விதித்து, பிரான்சில் அச்சபையைக் கலைத்தது. திருத்தந்தை 13ஆம் லியோவும் அவர்களை ஏட்டிலிருந்து விலகச் சொன்னதால், லீல் பகுதியின் ஆலை அதிபர் போல் ஃபெரோன்-விரோ அதனை ஏற்றார். உரிமையாளர் மாறினாலும் போக்கு உடனே மாறிவிடவில்லை. 1926இல் 11ஆம் பயஸ், 'ஆக்சியோன் பிரான்சேஸ்' என்னும் முடியாட்சி இயக்கத்தைக் கண்டித்த பிறகு, 1927இல் தலைமை ஆசிரியரான லியோன் மெர்க்லென் அடிகளார் ஏட்டை அந்த வலதுசாரிகளிடமிருந்து விலக்கியதே என் பார்வையில் உண்மையான திருப்பம். முகப்புச் சிலுவை 1956இல் நீக்கப்பட்டது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பழைய எழுத்துகளுக்கு ஏடு எப்போதேனும் பொறுப்பேற்றதா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏற்காடு

ஏற்றது. டிரைஃபஸுக்காக வாதாடி எழுத்தாளர் எமில் ஸோலா எழுதிய 'நான் குற்றம் சாட்டுகிறேன்' கடிதம் வெளியாகி நூறாண்டு நிறைந்த 1998 ஜனவரியில், அன்று எழுதியவற்றைத் தன் பக்கங்களிலேயே ஒப்புக்கொண்டு மனம் வருந்தியது. ஏடு பின்னாளில் மீண்டும் அசம்ப்ஷன் சபையாரிடமே வந்து, அவர்களுக்கு உரிய பயார் பதிப்பு நிறுவனமே இன்றும் இதனை வெளியிடுவதால், அவ்வருத்தத்துக்குத் தனி எடை உண்டு என்று கருதுகிறேன். 1944 வரையிலான இதழ்கள் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கல்லிக்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அக்கடிதத்துக்காக ஸோலா மீது விசாரணை நடந்த 1898 பிப்ரவரி இதழ்களை முதலில் பாருங்கள். கட்டுரைக்கு வேண்டிய மேற்கோள்கள் அவற்றிலேயே கிடைக்கும்.