கிங்டம் கம் கேம்ல சேவியர் ஷ்னாப்ஸ் காய்ச்சவே வரமாட்டேங்குது

பாம்பன்_கச்சான்:
அண்ணன்மாரே, கிங்டம் கம் டெலிவரன்ஸ் முதல் பார்ட் ஆடிக்கிட்டு இருக்கேன். ரத்தாய் ஊர் மருந்துக்கடைல சேவியர் ஷ்னாப்ஸ் காய்ச்சிப் பாத்தேன், அதாவது நெனச்ச நேரத்துல கேம சேவ் பண்ணணும்னா ஹீரோ குடிக்க வேண்டிய சாராயம், ஏழு தடவையும் வீணாப் போச்சு. அளவெல்லாம் சரிதான், ஒயின் ஊத்தி நெட்டில்ங்கிற செடி ஒரு பிடி, பெல்லடோனாங்கிற செடி ரெண்டு பிடி. இங்க கச்சான் காத்து அடிக்க ஆரம்பிச்சா கரண்ட் எப்ப போகும்னே சொல்ல முடியாது, சேவ் பண்ணி வெளிய வர்ற ஆப்ஷன் இருக்குதான் ஆனா கரண்ட் போனா அதுக்கு நேரம் எங்க இருக்கு, போன வாரம் ரெண்டு மணி நேரம் ஆடுனது மொத்தமும் போச்சு. ஷ்னாப்ஸ கடைல வாங்கலாம்னா ஹீரோ ஹென்றி கைல காசு இல்ல.

கீழக்கரை_காக்கா:
தம்பி, ஹென்றிக்கு எழுத்துப் படிக்கக் கத்துக் குடுத்தியா? 1403ல நடக்குற கதை, கொல்லன் மகன், அவனுக்கு எழுத்தே தெரியாது. உஷிட்ஸ் ஊர் எழுத்தர்கிட்ட போய் படிக்கணும், அது வரைக்கும் ரெசிபி புக்ல எழுத்தெல்லாம் இடம் மாறித்தான் தெரியும்.

பாம்பன்_கச்சான்:
அது படிச்சாச்சு காக்கா, ரெசிபி நல்லாவே தெரியுது.

சாயல்குடி_பனை:
அப்ப தப்பு அடுப்புலதான் தம்பி. மணல் கடிகாரத்த எப்ப திருப்புற? நெட்டில போட்ட ஒடனே திருப்புனா அது கணக்குல வராது, துருத்திய அமுக்கி ஒயின் தளதளன்னு கொதி வந்த பெறகுதான் திருப்பணும், ரெண்டு திருப்பு முடியுற வரைக்கும் கொதி அடங்கவும் கூடாது. எங்க வீட்ல பதநீர் காய்ச்சுவாங்க, அம்மா தாச்சி பக்கத்துலயே ஓலைய தள்ளிக்கிட்டு ஒக்காந்துருப்பாங்க, பொங்கி வந்தா ஆமணக்கு முத்த நசுக்கிப் போடுவாங்க, நேரம் எவ்ளோ ஆச்சுன்னு கேட்டா அவங்களுக்குத் தெரியாது, நொரையப் பாத்தே பதம் சொல்லிருவாங்க. கருப்பட்டி பதம் தப்புனா சிரட்டைல ஊத்துனாலும் எறுகாது. இந்த கேம்ல எனக்குப் புடிச்சதே அதுதான், மத்த கேம்ல ரெண்டு பொருள செலக்ட் பண்ணி ஒரு பட்டன் அமுக்குனா மருந்து வந்துரும், இதுல நெசமாவே அடுப்பு முன்னாடி நிக்கணும். நெட்டில் கொதிக்கிற நேரத்துல பெல்லடோனாவ உரல்ல போட்டு இடிச்சு வச்சுக்க, அப்பறம் புக்ல இருக்குற வரிசைய ஒரு எட்டு கூட மாத்தாத.

கீழக்கரை_காக்கா:
பனை சொன்னது சரி. நெட்டில் எல்லாம் வழி நெடுக மொளச்சுக் கெடக்கும், கூட்டமா இருக்குற எடத்துல பறி, லெக் டேங்கிற பெர்க் (கூடுதல் திறமை) எடுத்தா பூ பறிக்கிறதுலயே ஒடம்புல பலம் ஏறும். இன்னொண்ணு, பெல்லடோனா நெசத்துல கடுமையான வெஷம். நம்ம ரோட்டோரத்து ஊமத்தையும் அதே கத்தரிக்காய் குடும்பம்தான், ரெண்டுலயும் அட்ரோபின் இருக்கு. வீட்ல சின்னப் புள்ளைக கேமப் பாத்துட்டு எலையப் பறிச்சு இடிச்சு வெளையாடப் போகுதுக, பாத்துக்க.

பாம்பன்_கச்சான்:
பனையண்ணே வந்துருச்சு! கொதி வர்றதுக்கு முன்னாடியே திருப்பிக்கிட்டு இருந்துருக்கேன், ஏழு தடவையும் அதேதான். இப்ப மொத குப்பி நெறஞ்சுருச்சு. காக்கா, தங்கச்சி பையன் பக்கத்துல ஒக்காந்துதான் பாக்குறான், அவன்கிட்ட ஊமத்தை விசயத்த இப்பவே சொல்லிட்டேன்.

சாயல்குடி_பனை:
சந்தோசம் தம்பி. அந்த ஷ்னாப்ஸ அடுத்தடுத்து குடிச்சா ஹென்றிக்குப் போதை ஏறிரும், சண்டைக்குப் போற முன்னாடி ஒண்ணோட நிறுத்திக்க.