மறுமொழி: ஆஸ்மிட்டீரியத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘மணக்கொம்பு’ என்று வைக்கலாமே. சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

ஆஸ்மிட்டீரியம் என்பது பாப்பிலியோ வகைப் பட்டாம்பூச்சிகளின் புழு, சீண்டினால் வெளியே நீட்டும் வாடை உறுப்பு. அதற்கு ‘மணக்கொம்பு’ என்றால் சுருக்கம் சரிதான். ஆனால் ‘கொம்பு’ வேண்டாம் என்பது என் கருத்து. பருந்து அந்துப்பூச்சிப் புழுக்கள் பலவற்றுக்கு வால்பக்கம் நிஜமாகவே ஒரு கொம்பு உண்டு. அது எப்போதும் வெளியே நிற்கும். நாம் பெயர் தேடும் உறுப்பு அப்படியல்ல. தலைக்குப் பின்னால், மார்பின் முதல் கண்டத்துக்குள் மடங்கிக் கிடக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனில், எலுமிச்சை மரம் நிற்கும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். இங்கே கிறிஸ்துமஸ் கோடையில் வரும். அந்தப் பருவத்தில் நிறையப் பறப்பதால் பாப்பிலியோ டெமோடோகஸ் என்ற இனத்துக்குக் ‘கிறிஸ்துமஸ் பட்டாம்பூச்சி’ என்றே பெயர். இதன் புழு, ஊரில் கறிவேப்பிலையைத் தின்று தீர்க்கும் பாப்பிலியோ டெமோலியஸ் புழுவின் நெருங்கிய உறவு. சின்னப் புழு பறவை எச்சம் மாதிரி இலைமேல் கிடக்கும், கடைசிப் பருவத்தில் பச்சையாகிவிடும். லேசாகச் சீண்டினால் போதும். சட்டைக் கையை உள்ளிருந்து வெளியே புரட்டுவதுபோல், உடல் திரவத்தின் அழுத்தத்தில் இரண்டாகப் பிளந்த சதை ஒன்று பிதுங்கி வரும், கூடவே ஒரு வாடையும். எறும்பு மாதிரி எதிரிகளை விரட்டத்தான் இது. ஆபத்து நீங்கியதும் தசைகள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இந்தப் பிளவுக்குப் பொருந்துவது ‘கவை’. பாம்பின் நாக்கைக் கவைநா என்கிறோம், மரக்கிளை பிரியும் இடமும் கவைதான். ‘சுரப்பி’ என்று மட்டும் சொன்னால் வடிவம் போய்விடும். நாற்றச் சுரப்பி நாவாய்ப் பூச்சிக்கும் உண்டு.

முன்பாதிக்கு ‘மணம்’ வேண்டாம், ‘நாற்றம்’ இருக்கட்டும். பாப்பிலியோ இனங்களில் இளம்புழு டெர்பீன்கள் என்னும் வாசனைச் சேர்மங்களைச் சுரக்கும். கடைசிப் பருவத்தில் ஐசோபியூட்ரிக் அமிலமும் 2-மெத்தில்பியூட்ரிக் அமிலமும் வரும், அது ஊசிப்போன வெண்ணெய் வாடை. பழந்தமிழில் நாற்றம் இரண்டு வகை வாசத்தையும் குறித்தது. இன்றைய வழக்கில் பிள்ளைகள் கெட்ட வாடை என்று எடுத்துக்கொண்டாலும் பிழையில்லை.

ஆகவே ‘நாற்றக்கவை’. அது வெளிவருவதைக் ‘கவை நீட்டல்’ எனலாம். வீட்டில் ஆங்கிலமே பேசும் எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பிரித்துச் சொன்னால் உடனே விளங்கும் சொல்தான் நிற்கும். அதனால்தான் இவ்வளவு வாதாடுகிறேன். மாற்றுச் சொல் இருந்தால், பாடத்தாள் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.