கொடைக்கானலில் இருந்துகொண்டே அலியான்ஸ் பிரான்சேசில் சேரலாமா?

பெருமாள்மலை அம்மா:
வணக்கம். என் மகள் பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தாள், மார்க்கும் நன்றாகவே வந்தது. ஆனால் போன மாதம் ஏரிக்கரையில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி வழி கேட்டபோது ஒரு வாக்கியம்கூட வாயில் வரவில்லை, வீட்டுக்கு வந்து அழுதுவிட்டாள். இரண்டு வருடத்தில் வகுப்பில் அவளை ஒரு நாளும் பேச வைக்கவில்லையாம். இப்போது முறையாகப் படிக்க ஆசைப்படுகிறாள். அலியான்ஸ் பிரான்சேஸ் என்பது தூதரகத்து அலுவலகமா? சென்னையில் விடுதியில் சேர்க்க எங்களுக்கு வசதி இல்லை.

நுங்கம்பாக்கம்:
தூதரக அலுவலகம் இல்லைங்க. பிரெஞ்சு மொழியைப் பரப்ப 1883-ல் பாரிசில் தொடங்கிய அமைப்பு, விஞ்ஞானி லூயி பாஸ்டரும் எழுத்தாளர் ஜூல் வெர்னும் ஆரம்பகாலத்தில் அதில் இருந்தவர்கள். ஒவ்வொரு கிளையும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி பதிவான தனிச் சங்கம், அதனால் கட்டணம், வகுப்பு நேரம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். புதுச்சேரிக் கிளை 1889-லிருந்து இருக்கிறது, சென்னையில் 1953-லிருந்து. ஆன்லைன் வகுப்பும் உண்டு, விடுதி தேவைப்படாது. நான் காலேஜ் ரோட்டில் இருக்கும் சென்னைக் கிளையில் படித்தபோது ஆசிரியை முதல் நாளே பிரெஞ்சில்தான் பேசினார், பாதி புரியாமல் உட்கார்ந்திருந்தேன், மூன்றாவது வாரத்தில் காது பழகிவிட்டது. உங்கள் மகளுக்கு வேண்டியது இதுதான்.

பி1 முடித்தவன்:
பிரெஞ்சுத் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வையும் மனதில் வையுங்கள். கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது, ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலாவது 5-க்குக் கீழே போனால் மற்றதில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. மனப்பாடம் அங்கே உதவாது. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. முதல் நிலையான ஏ1 எழுதாமல் நேராக அடுத்த நிலையான ஏ2 எழுதவும் விடுவார்கள், அவள் அடிப்படை இலக்கணம் படித்தவள்தானே, யோசியுங்கள். தேர்வுக்கு மட்டும் கொடை ரோட்டில் பாண்டியன் ரயில் ஏறினால் காலையில் சென்னை.

செண்பகனூர் வாசி:
அக்கா, நம்ம சலேத் மாதா கோவிலின் பெயரே பிரான்சின் ஆல்ப்ஸ் மலைக் கிராமத்துப் பெயர்தான், 1846-ல் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லும் ஊர். இந்த மலைக்கு பிரெஞ்சு ஒன்றும் புதிதில்லை. என் பெண்ணும் ஆன்லைனில் ஏ1 படிக்கிறாள், கூடப் பேச ஆள் இல்லாமல் கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறாள். ஞாயிறு மதியம் உங்கள் மகளை அனுப்புங்கள். மழையில் அங்கே கரண்ட் போனாலும் வகுப்புக்கு இங்கே வந்துவிடட்டும், எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.

பெருமாள்மலை அம்மா:
ரொம்ப நன்றிப்பா. படித்துக் காட்டினேன், ஞாயிறு எத்தனை மணிக்கு என்று கேட்கிறாள்.